பதக்கத்தைக் கடைசியில் பாருங்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் என்றைக்காவது இந்த வேலை உங்கள் மேசைக்கு வரும். "உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு வீரரின் வாழ்க்கையை எழுதி வா" என்று பள்ளியில் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை கூகுளில் தேடும். பதக்கம் வாங்கிய ஒருவர் அகப்படுவார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே பத்து வரிதான் இருக்கும். அதை எடுத்து ஒட்டிவிட்டால் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டுரையில் வீரர் மொத்தமே ஒரு நாள்தான் உயிரோடு இருந்திருப்பார்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். இப்போது பாஸ்டன் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு இந்த வேலை வந்தபோது, "தாத்தா, உங்களுக்குத்தான் பழைய ஃபைல் எல்லாம் பிடிக்குமே" என்று என் பக்கம் தள்ளிவிட்டான். அந்தக் காலத்துப் படைவீரர்களின் கோப்புகளைப் பார்த்ததும் எனக்கு வேற்றூர் என்ற உணர்வே போய்விட்டது. சேர்ந்த தேதி, வருகை, பிடித்தம், நிலுவை, மருத்துவச் சான்று, மனைவிக்கு வந்த குடும்ப ஓய்வூதியம் என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆகவே இது ஒரு பென்ஷன் குமாஸ்தாவின் வழிமுறை. வரலாற்றுப் பேராசிரியர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

உதாரணத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவர் வில்லியம் ஹார்வி கார்னி. வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரில் 1840 பிப்ரவரி 29 அன்று அடிமைத்தனத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸில் திரட்டப்பட்ட கறுப்பின வீரர்களின் 54-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் சார்ஜென்ட். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் கொடியைக் காப்பாற்றியதற்காக நாட்டின் உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர். கூகுள் தருகிற பத்து வரியின் சாரம் இவ்வளவுதான். இனி வேலையைத் தொடங்குவோம்.

ஆள் இவர்தானா?

முதலில் ஆளை உறுதி செய்யுங்கள். பெயர் மட்டும் போதாது. பெயர், மாநிலம், ரெஜிமென்ட், கம்பெனி (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) ஆகிய நான்கும் வேண்டும். கார்னி என்றால் 54-ஆவது மாசசூசெட்ஸ், சி கம்பெனி. நியூ பெட்ஃபோர்டு நகரில் திரண்ட மார்கன் கார்ட்ஸ் என்ற குழுதான் சி கம்பெனி ஆனது. ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களால் ஆனது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சாட்சி தேடும்போது உதவும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை ஒரு பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போரில் மோதிய வடதரப்பு, தென்தரப்பு என்ற இரு தரப்பு வீரர்களும் அதில் உண்டு. பதிவுகள் 63 லட்சம். அத்தனை பேர் சண்டையிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு ரெஜிமென்ட்டில் இருந்தால் இரண்டு பதிவு, பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று பதிவு. அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். நம் ஊர் வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கறுப்பின வீரர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அவர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு எண்ணிட்ட 'யுனைடெட் ஸ்டேட்ஸ் கலர்ட் ட்ரூப்ஸ்' ரெஜிமென்ட்டுகளில் இருந்தவர்கள். 54, 55 போன்ற சில மாசசூசெட்ஸ் படைகள் மாநிலப் பெயரைக் கடைசிவரை விடவில்லை. 54 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறொரு படையில் போய் நிற்பீர்கள்.

பணிப்பதிவேடு

அடுத்தது ராணுவப் பணிப்பதிவு. இது வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெரும்பகுதி இணையத்துக்கு வந்துவிட்டது. கட்டணத் தளமான ஃபோல்டு3-இல் 54-ஆவது மாசசூசெட்ஸின் பதிவுகளைப் பார்க்கலாம். காசு கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்கள் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. ஃபேமிலிசர்ச் தளம் எப்போதும் இலவசம்.

இந்தப் பதிவேடு போர்க்களத்தில் எழுதியது அல்ல. போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து, பென்ஷன் கேட்டு மனு மேல் மனுவாகக் குவிந்தபோது, ஃப்ரெட் எய்ன்ஸ்வொர்த் என்ற ராணுவ மருத்துவர் தலைமையில் எழுத்தர்கள் பழைய வருகைப் பட்டியல்களைப் பிரித்து ஆளுக்கு ஓர் உறை என்று சிறு அட்டைகளில் நகல் எடுத்தார்கள். பட்டியல் தேய்ந்து கிழிவதற்குள் செய்த வேலை. அந்த எழுத்தர்களின் பெயர்கள் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை. அவர்கள் செய்திராவிட்டால் இன்று யார் வாழ்க்கையையும் எழுத முடியாது.

முதல் அட்டை ஆளின் அடையாளம்: வயது, உயரம், நிறம், பிறந்த இடம், தொழில், எங்கே, எந்தத் தேதியில், எத்தனை காலத்துக்குச் சேர்ந்தார். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு வருகை அட்டை. 'இருந்தார்' அல்லது 'இல்லை' என்று ஒரு சொல், கீழே குறிப்பு. எல்லோரும் அட்டையின் மேல்பாதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் குறிப்பைப் படியுங்கள். துப்பாக்கியின் ஏதோ பாகத்தைத் தொலைத்ததற்குப் பிடித்தம், ஆஸ்பத்திரியில் இருந்தார், பதவி உயர்வு, பதவி இறக்கம் என்று மனிதன் அங்கேதான் தென்படுவான். தேதிகளை ஒரு தாளில் இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு, ரெஜிமென்ட் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதை அதன் கீழே எழுதுங்கள். 54-ஆவது படை பாஸ்டனுக்கு அருகே ரீட்வில்லில் உள்ள கேம்ப் மெய்க்ஸில் பயிற்சி பெற்று 1863 மே 28 அன்று கப்பலேறியது. ஜூலை 16 அன்று ஜேம்ஸ் தீவில் முதல் பெரிய சண்டை. இரண்டே நாளில் வாக்னர். சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது இப்படி வரிசையாக எழுதும்போதுதான் உறைக்கும்.

சம்பளம் பற்றிய குறிப்பைத் தனியாக எடுத்துவையுங்கள். என் தொழில்புத்தி முதலில் அங்கேதான் போனது. வெள்ளை இனச் சிப்பாய்க்கு அப்போது மாதம் 13 டாலர், சார்ஜென்ட்டுக்கு 17 டாலர். கறுப்பின வீரருக்கு 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். பதவி எதுவானாலும் இதே தொகை. அதாவது சார்ஜென்ட் கார்னியின் கைக்கு வரக்கூடியது 7 டாலர். 54-ஆவது படை அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தது. வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் முன்வந்தபோது அதையும் மறுத்தது. ஒன்றரை வருடம் காசே வாங்காமல் சண்டையிட்டார்கள், ஊரில் குடும்பங்கள் திண்டாடின.

1864 ஜூனில் சம ஊதியத்துக்குச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கொக்கி: 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்குத்தான் சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை. படையில் சிலர் அந்தத் தேதியில் சட்டப்படி அடிமைகள். படைத்தலைவர் எட்வர்டு ஹாலோவெல் ஒரு வழி கண்டுபிடித்தார். "அந்தத் தேதியில் கூலியில்லாமல் உன் உழைப்பைக் கேட்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை" என்ற பொருளில் ஓர் உறுதிமொழியை எழுதி எல்லோரையும் எடுக்க வைத்தார். மனச்சாட்சிப்படி யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, நிலுவையும் வந்தது. நான் சர்வீஸில் எத்தனையோ ஆட்சேபணைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு அழகான பதிலை எழுதியதில்லை.

படைக்குப் பணம் பட்டுவாடா ஆனது 1864 இலையுதிர் காலத்தில். கார்னி காயத்தின் காரணமாக அதற்கு முன்பே, 1864 ஜூன் இறுதியில், விடுவிக்கப்பட்டுவிட்டார். அவர் நிலுவை எப்படி, எப்போது தீர்க்கப்பட்டது? இந்த மாதிரிக் கேள்வியைப் பிள்ளையின் நோட்டில் எழுதவையுங்கள். அட்டைகளில் தேட ஒரு காரணம் கிடைக்கும்.

அந்த ஒரு நாள்

போர் நாளைப் பற்றி எழுத மூன்று வகைத் தாள்கள் உண்டு. ஒன்று, அரசு 1880 முதல் 1901 வரை அச்சிட்ட 128 தொகுதிகள். இரு தரப்புத் தளபதிகளின் அறிக்கைகளும் கடிதங்களும் அதில் உள்ளன. இரண்டு, படையிலிருந்தவர்களே எழுதிய ரெஜிமென்ட் வரலாறு. 54-ஆவது படைக்கு அதில் கேப்டனாக இருந்த லூயிஸ் எமிலியோ 1891-இல் எழுதியிருக்கிறார். மூன்று, அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த வீரர்களின் கடிதங்கள். மூன்றும் காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

மூன்றாவது வகையைத் தவறவிடாதீர்கள். கார்னி 1863 அக்டோபரில், காயம்பட்டு மூன்று மாதமாகியிருந்த நிலையில், வாக்னர் கோட்டை இருந்த மோரிஸ் தீவிலிருந்து தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அடிமை ஒழிப்புப் பத்திரிகையான 'தி லிபரேட்டர்' நவம்பரில் அதை வெளியிட்டது. பதினான்காம் வயதில் நார்ஃபோக்கில் ஒரு பாதிரியார் ரகசியமாக நடத்திய பள்ளியில் படித்தது, அப்பாவோடு கடலோரக் கப்பல் வேலைக்குப் போனது, சுதந்திரமாக வாழ இடம் தேடி அப்பா பென்சில்வேனியா, நியூயார்க் என்று அலைந்து கடைசியில் நியூ பெட்ஃபோர்டில் குடியேறியது, தேவாலய ஊழியத்துக்குப் போக நினைத்திருந்தவர் படையில் சேர்ந்தது எல்லாம் அதில் இருக்கின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அப்பா தப்பி ஓடி, உழைத்து, குடும்பத்தை விலைகொடுத்து மீட்டார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். கார்னியோ தன் அம்மா மேஜர் கார்னி என்பவரின் உடைமையாக இருந்தார், அந்த மேஜர் இறந்தபோது உயில்படி அவரும் மற்றவர்களும் விடுதலை செய்யப்பட்டார்கள் என்று எழுதுகிறார். இரண்டில் எது கேட்க நன்றாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஆளே எழுதிய வாக்குமூலத்தை முதலில் போட்டு, மற்றது பிற்காலத்தில் சொல்லப்படுவது என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

காயக் கணக்கிலும் இதே சிக்கல். தாக்குதலில் 54-ஆவது படையின் சுமார் 600 பேர் இறங்கினார்கள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்ந்து 270-க்கு மேல். படைத்தலைவர் ராபர்ட் கூல்ட் ஷா மதிலின் மேலேயே விழுந்தார். கொடி பிடித்திருந்தவர் விழுந்ததும் கார்னி அதை எடுத்துக்கொண்டு மதில்வரை போய் நட்டு, படை பின்வாங்கியபோது குண்டு மழைக்குள் கொடியோடு திரும்பி வந்தார். கொடி தரையைத் தொடவே இல்லை என்று அவர் சொன்னது பல வடிவங்களில் வழங்குகிறது. எத்தனை காயம்? பதக்கச் சான்றுரை இரண்டு முறை கடுமையாகக் காயமடைந்தார் என்கிறது. கதைசொல்லிகள் நான்கு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். சிறு காயத்தையும் சேர்த்து எண்ணியிருக்கலாம், தப்பில்லை. ஆனால் எண்ணை எழுதும்போது அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்.

இப்போது பதக்கம்

கார்னியின் பதக்கத்தின் தேதி 1900 மே 23. சண்டை நடந்து 37 வருடம் கழித்து. அதைப் பார்த்ததும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கத் தோன்றும். அந்தப் போர்க்காலத்துப் பதக்கங்கள் மிகப் பல, போர் முடிந்து பல வருடங்கள் கழித்து, 1890-களை ஒட்டி, மனுப்போட்டு வாங்கப்பட்டவை. ராணுவத்துக்கான இந்த விருது 1862-இல்தான் தொடங்கியது, முதன்முதலில் கையில் கொடுக்கப்பட்டது 1863 மார்ச்சில். வேறு அரசு விருது ஏறத்தாழ இல்லாததால் அந்தப் போருக்கு மட்டும் 1,500-க்கு மேல் கொடுத்தார்கள். அதனால் விருது என்ற சொல்லைக் கண்டதும் இன்றைய அளவுகோலை எடுக்காதீர்கள், சான்றுரையை வாசித்து எடை போடுங்கள்.

அதற்கு ஓர் உதாரணம். 27-ஆவது மெய்ன் காலாட்படையின் சேவைக்காலம் 1863 ஜூன் இறுதியில் முடிந்தது. கெட்டிஸ்பர்க் சண்டை நேரம். வாஷிங்டனைக் காக்க இன்னும் சில நாள் இருங்கள் என்று அரசு கேட்டது. சுமார் 300 பேர் இருந்தார்கள், மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பட்டியல் குழப்பத்தில் படையின் 864 பேருக்கும் பதக்கம் அச்சாகிவிட்டது. இது எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான். 1917-இல் ஒரு குழு எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்து 911 பெயர்களை நீக்கியது, அதில் இந்த 864-உம் அடக்கம். அப்போது நீக்கப்பட்ட டாக்டர் மேரி வாக்கருக்கு 1977-இல் திரும்பக் கொடுத்தார்கள். ஆகவே பழைய செய்தித்தாளில் 'பதக்கம் பெற்றவர்' என்று இருந்தால், இன்றைய அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பரணில் கிடைத்த பழைய புகைப்படத்தில் தாடிக்காரத் தாத்தா நெஞ்சில் நட்சத்திரப் பதக்கம் குத்தியிருந்தால் உடனே குதிக்க வேண்டாம். கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் உறுப்பினர் பட்டையும் ஐந்துமுனை வெண்கல நட்சத்திரம்தான், மேலே கழுகு, கொடி நிற நாடா. தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பத்தில் ஒன்பது படங்களில் அது சங்கப் பட்டைதான் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தளபதிகள் தாங்களாகவே கொடுத்த பதக்கங்களும் உண்டு. சார்ல்ஸ்டன் முற்றுகையில் ஈடுபட்டவர்களுக்கு ஜெனரல் கில்மோர் ஒன்று கொடுத்தார், கார்னிக்கும் அது கிடைத்தது. பெரிய பதக்கத்துக்கு வெகுகாலம் முன்பே அவர் கையில் இருந்தது அதுதான்.

"மெடல் ஆஃப் ஹானர் பெற்ற முதல் கறுப்பின வீரர்" என்ற வரி கார்னியைப் பற்றி எங்கும் இருக்கும். அதை அப்படியே எழுதவிடாதீர்கள். கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் பிளேக் 1864-லேயே பெற்றுவிட்டார். வர்ஜீனியாவில் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் சண்டையில் ஈடுபட்ட கறுப்பினக் காலாட்படை வீரர்கள் பலருக்கு 1865-இல் வந்தது. கார்னியின் வீரச்செயல்தான் விருது பெற்ற கறுப்பின வீரர்களின் செயல்களிலெல்லாம் காலத்தால் முந்தியது. அப்படி எழுதினால் சரி.

பென்ஷன் கோப்பு: இங்கே நிதானமாக உட்காருங்கள்

வடதரப்பு வீரர்களுக்கு 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரால் உடல் கெட்டிருந்தால் பென்ஷன். முழு ஊனமான சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். 1890-இல் சட்டம் தளர்ந்தது: 90 நாள் சேவை இருந்து, உடம்பு முடியாமல் இருந்தால் போதும், போர்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டாம், தீய பழக்கத்தால் வந்ததாக இல்லாவிட்டால் சரி. 1907-இல் வயதே தகுதியாயிற்று. 62-க்கு 12 டாலர், 70-க்கு 15, 75-க்கு 20. உங்கள் வீரர் எந்த ஆண்டில் மனுப்போட்டார் என்று பார்த்தாலே கோப்பு எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று சொல்லிவிடலாம். 1890-க்கு முன் என்றால் சாட்சிகள் குவிந்திருக்கும். காயம் போரில்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டுமே.

முதலில் பென்ஷன் அட்டவணை அட்டையைத் தேடுங்கள். பெயர்வாரியாக ஒன்று, ரெஜிமென்ட் வாரியாக ஒன்று என இரண்டு வரிசைகள் உண்டு. வீரர் பெயர், மனைவி பெயர், மனுத் தேதி, மனு எண், சான்றிதழ் எண், எந்த மாநிலத்திலிருந்து மனு என்பது அட்டையில் இருக்கும். மனு எண் இருந்து சான்றிதழ் எண் இல்லையென்றால் பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டது என்று பொருள். நிராகரித்த கோப்பையும் வாங்குங்கள், பல சமயம் அதில்தான் சுவாரசியம் அதிகம். அந்த எண்களைக் கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் படிவம் 85 அனுப்ப வேண்டும் (ராணுவப் பணிப்பதிவுக்குப் படிவம் 86). கட்டணம் உண்டு, வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். பள்ளிக் கட்டுரைக்குக் கெடு வைத்திருந்தால் முதல் வேலையாக இதை அனுப்பிவிட்டு மற்றதைப் பாருங்கள். வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் பென்சில்வேனியா அவென்யூ கட்டடத்துக்கே போய் ஆய்வாளர் அட்டை எடுத்துக்கொண்டு கோப்பைக் கையால் புரட்டலாம். வாய்ப்பு இருந்தால் அதையே செய்யுங்கள்.

கோப்பு வந்ததும் மேலிருந்து படிக்காதீர்கள். எந்த அலுவலகமானாலும் கடைசித் தாள்தான் மேலே இருக்கும். தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு தொடங்குங்கள். மருத்துவக் குழுவின் சான்று ஒவ்வொன்றிலும் அச்சிட்ட மனித உருவம் ஒன்று, முன்பக்கம், பின்பக்கம் என்று இருக்கும். எங்கே குண்டு பட்டது, எங்கே தழும்பு என்று மருத்துவர் அதில் குறித்திருப்பார். நாடித்துடிப்பு, எடை, உயரம், கடைசியில் ஊனத்தின் அளவு 8/18 என்கிற மாதிரி ஒரு பின்னமாக. வருடக்கணக்கில் வந்த சான்றுகளை அடுத்தடுத்து வைத்தால் எடை குறைந்துவந்ததும், மூட்டு வாதம் சேர்ந்ததும், காது போனதும் தெரியும்.

அப்புறம் உறுதிமொழிப் பத்திரங்கள். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருந்தவன், ஊரில் பக்கத்து வீட்டுக்காரர், சேர்ந்து வேலை பார்த்தவர் என்று எல்லோரும் சத்தியம் செய்திருப்பார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பென்ஷன் முகவர்கள் எழுதிக்கொடுத்த வாசகத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் நான்கு பத்திரத்திலும் ஒரே சொற்றொடர் இருக்கும். அதற்கு ஒரு சாட்சியின் எடைதான் தர வேண்டும். வாசகம் கோணலாக, சம்பந்தமில்லாத விஷயத்தையெல்லாம் சொல்லிக்கொண்டு போனால் அது சொந்த வாக்குமூலம், அதை நம்பலாம்.

அடிமைத்தனத்தில் பிறந்தவர்களின் கோப்புகள் தனி வகை. பிறப்புச் சான்று கிடையாது, திருமணப் பதிவு கிடையாது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் உடைமைக்காரர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் இருப்பார்கள், பெயர் இருக்காது. அதனால் பென்ஷன் துறை சிறப்பு விசாரணையாளரை அனுப்பும். அவர் கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்து, யாருடைய பண்ணையில் இருந்தீர்கள், உங்கள் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், பிள்ளை எந்த அறுவடைக்குப் பிறகு பிறந்தது என்று கேட்டு எழுதியிருப்பார். கேள்வியில் சந்தேகமும் அதட்டலும் இருக்கும், படிக்கும்போது எரிச்சல் வரும். ஆனாலும் அந்த மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் சொன்னது வேறு இடங்களில் அதிகம் எழுதப்படவில்லை. நம்மூரில் வாரிசுச் சான்றுக்கு அலைந்த விதவைகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கணவர் இறந்தபின் மனைவி போட்ட மனுவைத் தாண்டிப் போகாதீர்கள். குடும்பத்தின் முழுக் கதையும் அங்கேதான் இருக்கும். 1898-இல் துறை எல்லா பென்ஷனருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, மனைவி பெயர், கல்யாணம் எங்கே, எப்போது, யார் நடத்தியது, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி என்று கேட்டது. அந்த ஒரு தாள் கிடைத்தால் குடும்பப் பக்கம் எழுதி முடிந்த மாதிரி.

இந்தப் போரின் கடைசி பென்ஷன், நார்த் கரோலினாவில் ஒரு வீரரின் மகளுக்கு, மாதம் 73.13 டாலர் வீதம் 2020 வரை போனது. போர் முடிந்தது 1865. கருவூலக்காரன் என்ற முறையில் நான் எழுந்து நின்று கும்பிட்ட கணக்கு இது.

மீதி நாற்பது வருடம்

கார்னி படையில் இருந்தது ஒன்றேகால் வருடத்துக்குச் சற்று அதிகம். அதற்குப் பின் 44 வருடம் வாழ்ந்தார். 1865-இல் சுசானா வில்லியம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். நியூ பெட்ஃபோர்டில் தெருவிளக்கு வேலை பார்த்தார், கொஞ்ச காலம் கலிஃபோர்னியா போய்த் திரும்பினார். 1869 முதல் 32 வருடம் தபால்காரர். 1890-இல் அவ்வூர்த் தபால்காரர் சங்கக் கிளை தொடங்கியபோது துணைத் தலைவர். காயம்பட்ட காலோடு அத்தனை வருடம் தெருத்தெருவாக நடந்திருக்கிறார். எனக்குக் கொடியைத் தூக்கி வந்ததைவிட இது பெரிதாகத் தெரிகிறது. பேரன் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பகுதிக்கு வேண்டியவை பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கும், நகர முகவரி நூல்களும். முகவரி நூல் ஆண்டுதோறும் வரும், பெயர், தொழில், வீட்டு முகவரி இருக்கும். வீடு மாறியது, வேலை மாறியது எல்லாம் பிடிபடும். 1890 கணக்கு வாஷிங்டனில் 1921-இல் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு முன்னாள் வீரர்களுக்கென்று எடுத்த தனிப் பட்டியல், அகர வரிசையில் கென்டக்கிக்குப் பிந்திய மாநிலங்களுக்கு இருக்கிறது. மாசசூசெட்ஸ் அதில் உண்டு.

ஓய்வுக்குப் பின் கார்னி பாஸ்டனில் மாநில அரசு மாளிகையில் தகவல் கொண்டுசெல்லும் பணியாளராக இருந்தார். அங்கே லிஃப்டில் கால் நசுங்கி 1908 டிசம்பரில் இறந்தார். தேதியை சிலர் 8 என்கிறார்கள், சிலர் 9 என்கிறார்கள். இதற்கெல்லாம் இணையத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். மாசசூசெட்ஸ் 1841 முதல் பிறப்பு இறப்புப் பதிவு வைத்திருக்கிறது, பதிவை எடுத்துப் பாருங்கள்.

போய்ப் பார்க்க வேண்டிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாக்னர் கோட்டையைத் தேடி தென் கரோலினா போகாதீர்கள், அதைக் கடல் தின்றுவிட்டது. பாஸ்டன் காமனில், மாநில மாளிகைக்கு எதிரே, ஷாவையும் 54-ஆவது படையையும் சிற்பி செயின்ட் காடன்ஸ் வடித்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 1897-இல் திறந்தபோது கார்னியும் அங்கே இருந்தார். அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் இருந்தன, சிப்பாய்களின் பெயர்களை 1982-இல்தான் சேர்த்தார்கள். நியூ பெட்ஃபோர்டில் ஓக் குரோவ் கல்லறைத் தோட்டத்தில் கார்னியின் கல்லில் பதக்கம் செதுக்கியிருக்கிறது. மில் தெருவில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் கேடய வடிவம் குழித்து, உள்ளே பெயரும் கம்பெனியும் ரெஜிமென்ட்டும் பொறித்த வெள்ளைக் கல்லைப் பார்த்தால் அது அரசு கொடுத்த படைவீரர் கல். உங்கள் ஊரிலேயே ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி அதுதான். பதக்கம் இல்லாதவரானாலும் பரவாயில்லை.

நீங்கள் எடுத்த ஆள் தென்தரப்பு வீரர் என்றால் வழி கொஞ்சம் மாறும். பணிப்பதிவு வாஷிங்டனில்தான் இருக்கிறது. பென்ஷனை மத்திய அரசு கொடுக்கவில்லை, அந்தந்தத் தென் மாநிலங்கள் பிற்காலத்தில் கொடுத்தன. ஆகவே கோப்பை மாநில ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும், அதுவும் அவர் சண்டையிட்ட மாநிலத்தில் அல்ல, முதுமையில் குடியிருந்த மாநிலத்தில். அரசுப் பதக்கம் அவர்களுக்கு வரவே இல்லை. தென்தரப்பு நாடாளுமன்றம் 1862-இல் அனுமதித்தும் பதக்கம் அச்சாகாததால் பெயர்களை மரியாதைப் பட்டியலாக வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் நான் முன்பு சொன்ன 128 தொகுதிகளுக்குள் இருக்கிறது.